நூற்றைம்பது வாட்

மின்சார லோடு கணக்கில் இந்த ஆவுடையப்பனை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். சொல்பவர்கள் எல்லாம் முப்பத்தோரு வருஷம் என் வாயால் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள். ஒரு நூற்பாலையில் மின்பொறியாளராக இருந்தேன். எந்த மோட்டார் எப்போது கிளம்ப வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று ராத்தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்பேர்ப்பட்ட சூரப்புலி, பாளையங்கோட்டையில் தன் சொந்த வீட்டு ஜெனரேட்டரில் லோடு பிரித்த லட்சணத்தில், கட்டின பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்த கதை இது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் எதிர்வீட்டு மும்தாஜ் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

வெயில் அடைப்பு என்ற சமாச்சாரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. நாற்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் மின்கம்பிகள் தொய்ந்து தொங்கும், தீப்பிடிக்கும் என்று மே மாதத்தில் நான்கைந்து நாள் மொத்தமாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் தினம் மூன்று நான்கு மணி நேரம் இருக்காது. மாடியில் சோலார் தகடு போட்டிருந்தேன். அதில் குரங்குகள் சறுக்கி விளையாடிப் பாதியை உடைத்துவிட்டன. ஆகவே ஐந்து கிலோவாட் டீசல் ஜெனரேட்டர். ஐந்து என்று பெயர்தானே தவிர, அந்த வெயிலில் அது மூன்றரைக்கு மேல் இழுக்காது. வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரேயடியாகப் போட்டால் ஏழு வரும். எதைப் போடுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய ஒரு பெட்டி விற்றார்கள். போன ஜூனில் வாங்கினேன்.

பெட்டியை மாட்ட வந்த பெண்ணின் பெயர் எஸ்தர். சின்னப் பெண், கெட்டிக்காரி. நான் பதினேழு சாமான்களையும் வாட் கணக்கோடு எழுதி நீட்டிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"லிஸ்ட் நல்லாருக்கு சார். ஆனா லிஸ்ட் வேண்டாம். இது அதுவாப் பாத்துப் படிச்சிக்கிடும்."

"என்னத்தைப் படிக்கும்?"

"வீட்டுல யாரு எதை எப்பப் போடுதா, எப்ப அணைக்கா, அணைச்சா யாரு சத்தம் போடுதா, எல்லாத்தையும். எதை நிறுத்துனா சண்டை வருதோ அது மேல போவும். சண்டையே வராததைக் கீழ வச்சிரும். வாயால சொல்லுததை அது ரொம்ப நம்பாது. செய்யுததைத்தான் நம்பும்."

"அது ஏன்?"

"பழைய பெட்டிக்கெல்லாம் ஆளுக்கு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. எல்லாரும் மொத வரியில சாமி ரூம் லைட்டுன்னு எழுதியிருந்தாங்க. கரண்ட் போன உடனே கத்துனது மட்டும் டிவிக்கு." அவள் சிரித்தாள். "ஆனா ஒண்ணு சார். மொத நாளு வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் அது பத்து நிமிஷம் பேசணும். அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுதீங்களா?"

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவளுக்கும் சேத்து நானே சொல்லுதேன், போட்டுக்கோ."

எஸ்தருக்கு மனசு ஒப்பவில்லை. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். என் மனைவி பிரமு உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"அவ்வோகிட்டயே கேட்டுக்கோம்மா. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

அப்புறம் நான் இருபது நிமிஷம் பேசினேன். பத்து எனக்கு, பத்து அவளுக்கு. இரண்டிலும் என் ஏ.சி.யைப் பற்றித்தான் பேசினேன் என்று பிற்பாடு தெரிந்தது.

பெட்டிக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். அதுவும் நல்ல பிள்ளையாக "ஐயா", "அம்மா" என்று மரியாதையாகப் பேசும். படிப்பிலும் சுட்டி. முதல் வாரம் ஒருநாள், கிணற்று மோட்டார் ஓடட்டும் என்று என் அறை ஏ.சி.யை ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன மீன்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அதோடு என் ஏ.சி.யில் அது கை வைக்கவே இல்லை. ஃப்ரிட்ஜ் இரண்டாவது, ஏனென்றால் தண்ணீர் ஜில்லென்று இல்லாவிட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது. மோட்டார் மூன்றாவது, ஏனென்றால் நான் இரண்டு வேளை குளிப்பவன்.

பிரமு சத்தம் போடுகிற ரகம் இல்லை. ஜெனரேட்டர் கொஞ்சம் திணறி முனகினால் போதும், சமையல் பாதியில் இருந்தாலும் அடுக்களையில் ஃபேனையும் புகைபோக்கியையும் விளக்கையும் அவளே அணைத்துவிடுவாள். அந்த மூன்றும் ஒரே சர்க்யூட், மிக்ஸி பிளக் தனி. மொத்தம் நூற்றைம்பது வாட். கணக்கப்பிள்ளை ஏன் என்று கேட்டால், "எனக்கென்னத்துக்கு? அவ்வோ தூங்குதாவ" என்பாள். பெட்டி அதையும் படித்துக்கொண்டது.

முதல் மாத முடிவில் கணக்கப்பிள்ளை தன் வரிசையை வாசித்தது. பதினேழில் பதினேழாவது, அடுக்களை. வாசல் காலிங் பெல்லுக்கும் கீழே. நான் அதைப் பிரமுவிடம் பெருமையாகச் சொன்னேன், சிக்கனத்துக்குப் பரிசு வாங்கிவிட்ட மாதிரி. அவளும் சிரித்தாள். கூடவே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத்துனூண்டு ஃபேனை நிறுத்தி என்னங்க மிச்சம் ஆயிரப்போவுது?"

அடடா, ஆவுடையப்பனிடம் லோடு பற்றிக் கேள்வி! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். "ஏ.சி. கிளம்பும்போது ஒரு மூச்சு இழுக்கும் பாரு, அதுக்கு எடம் வேணும். எப்பவும் இருபது சதவீதம் கையிருப்பு வச்சிருக்கணும்னு பெட்டிகிட்ட நான்தான் கண்டிசனாச் சொல்லியிருக்கேன். மில்லுல முப்பது வருசமா அதான் சட்டம். மூவாயிரத்து ஐநூறுல இருபது போனா ரெண்டாயிரத்து எண்ணூறு. அதுக்கு மேல ஒரு வாட்டு ஏறப்படாது. ஏறுனா கீழ இருந்து ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டே வரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்று சொல்லி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எவ்வளவு எளிமையாக விளக்குகிறேன் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். அவள் கேட்டது மின்சாரத்தைப் பற்றிய கேள்வியே இல்லை என்பது மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

இந்த மே மாதம், அடைப்பின் நான்காம் நாள். வெளியே நாற்பத்தொன்பது டிகிரி. காக்காய்கூடக் கத்தவில்லை. காலையில் எழுந்ததுமே எனக்குச் சொதி சாப்பிட ஆசை வந்துவிட்டது. திருநெல்வேலிக்காரனுக்கு ஆசை வருவதில் தப்பில்லை. ஆனால் சொதிக்கு மூன்று தேங்காய் திருகி, அரைத்து, பால் பிழிந்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று நாள் பூரா அடுக்களையில் நிற்க வேண்டும். நிற்பது நானில்லையே!

"வாங்கிவச்ச தேங்காயெல்லாம் கெட்டுப்போவுமே பிரமு. சொதி வச்சிரேன். கூட இஞ்சித் துவையலும்."

"இந்த வெயில்லயா?" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

நான் என் அறையில் ஏ.சி.யைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு முக்கியமான ஜோலி. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் குழுவுக்குப் போனில் வீடியோ வழியாக ஓர் உரை. தலைப்பு, "வீட்டு ஜெனரேட்டரில் லோடு நிர்வாகம்." ஆமாம், சிரியுங்கள். பதினோரு பேர் கேட்டார்கள், அதில் மூன்று பேர் விழித்திருந்தார்கள். "எங்க வீட்டையே எடுத்துக்கிடுங்க," என்று முழங்கினேன். "நாலு நாளாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ட்ரிப் ஆகியிருக்கா? யாருக்காவது ஏதாவது குறை உண்டா?"

பேசிப் பேசித் தொண்டை வறண்டது. பிரமுவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன். பதில் இல்லை. அடுக்களையில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் தடவை கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கத்தினேன். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு துவையலுக்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சலோடு எழுந்து போனேன்.

அடுக்களைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. ஃபேன் நின்றிருந்தது. விளக்கு இல்லை. மிக்ஸி ஜாரில் இருந்த இஞ்சி கருகி வாடை அடித்தது. பிரமு தரையில் கிடந்தாள். தேங்காய்ப் பால் சட்டி கவிழ்ந்து அவள் சேலை எல்லாம் வெள்ளை. தொட்டுப் பார்த்தேன், உடம்பு அடுப்பாகக் கொதித்தது. வியர்வையே இல்லை. "பிரமு, பிரமு" என்று உலுக்கினேன். கண் பாதி திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

கணக்கப்பிள்ளை செய்தது என்னவென்றால், மிக்ஸிக்குக் கரண்ட் கொடுத்தது. மிக்ஸி போடுகிறவளுக்குக் கொடுக்கவில்லை.

மிக்ஸியை அணைத்துவிட்டு அலறினேன். "கணக்கப்பிள்ளை! அடுக்களை ஃபேனைப் போடு!"

"ஐயா சாப்பிடும் நேரம் ஒன்றேகால். அரைத்து முடியவில்லை. மிக்ஸிக்கு ஒதுக்கிய இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன். ஃபேனும் சேர்ந்தால் ஏ.சி.க்குத் தட்டும்."

"ஏ.சி.யை நிறுத்துலே! நிறுத்து!"

"ஐயா ஏ.சி.யை நிறுத்தச் சொன்னது இதுவரை ஒரு தடவைகூட இல்லை. குரலும் பதற்றமாக இருக்கிறது. ஐயாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைக்கிறேன். ஏ.சி.யை இன்னும் கூட்டுகிறேன்."

என் அறையில் ஏ.சி. குளுகுளுவென்று வேகம் எடுக்கிற சத்தம் கேட்டது. ஐயோ, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் பட்ட பாடு! அவளை அந்த அறைக்கு இழுத்துப் போகலாம் என்றால் என் முதுகு ஏற்கனவே பிசகினது. இரண்டு அடி இழுத்தேன், நானே உட்கார்ந்துவிட்டேன். ஏ.சி.யைக் கையால் அணைத்தாலும், மிக்ஸிக்கு வைத்த மாதிரியே அதன் இடத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளும்.

பெட்டியை விலக்கிவிட்டு ஜெனரேட்டரை நேராக வீட்டோடு இணைக்க ஒரு கைப்பிடி உண்டு. கொல்லைக்கு ஓடினேன். அந்தக் கைப்பிடியில் பூட்டு. பூட்டியது யார்? நான்தான். விவரம் தெரியாமல் பிரமு கை வைத்துவிடுவாள் என்று பூட்டினேன். சாவி எங்கே? இந்த வீட்டில் எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? பிரமுவைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். வாயைத் திறந்து கூப்பிடவும் செய்தேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஜெனரேட்டரின் மேலேயே ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. கூடத்தில் கிடந்த ஸ்டாண்ட் விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தீபாவளிக்குச் சீரியல் லைட் போடுகிற நீள வயரை அடுக்களை ஜன்னல் வழியாக இழுத்தேன். பிளக்கைச் சொருகப் போன கை நின்றுவிட்டது. நம்புவீர்களா, அந்த நேரத்திலும் நான் கூட்டிப் பார்த்தேன். ஏ.சி. ஆயிரத்து எழுநூறு. ஃப்ரிட்ஜ் இருநூறு. என் போன், இணையம், என் அறை விசிறி எல்லாம் சேர்த்து நூறு. மிக்ஸி எழுநூற்றைம்பது. மொத்தம் இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. இதோடு அடுக்களையின் நூற்றைம்பதையும் சேர்த்தால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். என் சட்டப்படி நூறு வாட் அதிகம். மூவாயிரத்து ஐநூறு தரத் தயாராக நிற்கிற எஞ்சினிடம், என் சட்டத்துக்கு நூறு வாட் அதிகம் என்று அவளை வெட்டியிருக்கிறது.

சொருகினேன். ஜெனரேட்டர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அப்புறம்தான் தெருவுக்கு ஓடிக் கத்தினேன். எதிர்வீட்டு மும்தாஜ் நர்ஸ். இரவுப் பணி முடித்து வந்து படுத்திருந்தவள், அப்படியே ஓடி வந்தாள். பிரமுவைப் பார்த்ததும் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஐஸ் கொண்டாங்க. இருக்கதெல்லாம் கொண்டாங்க. கக்கத்துல வைங்க, கழுத்துல வைங்க. துணியை நனைச்சுப் போடுங்க. சார், என்ன நிக்கீங்க? அம்மா என்ன மாத்திரை சாப்பிடுதாவ?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"என்ன பேரு?"

"வெள்ளையா இருக்கும்."

மும்தாஜ் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் பார்த்தது இல்லை. அப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, வேலையைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிரமுவுக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தவள் முதலில் பார்த்தது ஓடுகிற விசிறியை.

"ஏ.சி. நிக்கப்போவுது" என்று முனகினாள். "அதை அணைங்க."

நான் அழுதுவிட்டேன். மும்தாஜ் முன்னால், வாசலில் கூடிய அத்தனை பேர் முன்னால், அறுபத்திரண்டு வயதுக் கிழவன் விக்கி விக்கி அழுதேன். "இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தா அழுது ஒண்ணும் ஆயிருக்காது சார்" என்றாள் மும்தாஜ். ஆறுதலாகச் சொல்லவில்லை.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் பிரமு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில், என் அறையில் இருந்து கழற்றி மாட்டிய ஏ.சி.க்குக் கீழே கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். சமையல் நான். என்ன சமைத்தேன் என்று கேட்காதீர்கள். அன்று மத்தியானமே எஸ்தரைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். கொலைகாரப் பெட்டி, மூளை கெட்ட பெட்டி, கழற்றிக்கொண்டு போ என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். ஜெனரேட்டர் ஓடிய நேரத்துப் பதிவுகளைத் தன் பக்கத்தில் இருந்து எடுத்துப் பார்த்தாள்.

"சார், மனுசங்க விழுந்தா கண்டுபிடிக்கிற மாதிரி அதுல ஒண்ணும் இல்லாதது எங்க தப்புதான். அதை நான் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கேன். ஆனா வரிசை தப்பில்ல சார். பதினோரு மாசத்துல அடுக்களைக்காக உங்க வீட்டுல ஒரு ஆளுகூட சத்தம் போடல."

போனை ஒரு காதில் இருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"வேணும்னா படிச்சது எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்," என்றாள். "ரெண்டு பேரு குரலும் வேணும். ரெண்டு பேரு கத்துக் குடுத்ததை ஒருத்தர் அழிக்க முடியாது. ஐயாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு தடவை 'அழி'ன்னு சொன்னாப் போதும்."

போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். "கணக்கப்பிள்ளை, படிச்சது அத்தனையும் அழி."

"அம்மாவும் சொல்ல வேண்டும்."

கட்டில் பக்கம் திரும்பினேன். "சொல்லு பிரமு. அந்த மூதேவி தப்புத் தப்பாப் படிச்சு வச்சிருக்கு. அழிச்சிட்டு, உன் பேரை மொத எடத்துல போட்டு, புதுசா ஆரம்பிப்போம்."

பிரமு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாப் படிக்கலியே" என்றாள். "இந்த வீட்டுல நடக்கதத்தான படிச்சிருக்கு."

"சரி, என் தப்பு. எல்லாம் என் தப்பு. அதுக்குத்தான் அழிக்கச் சொல்லுதேன்."

"அழிக்காண்டாம்."

"என்ன சொல்லுத?"

"நான் எப்ப எதை அணைச்சேன், என்னத்துக்கு அணைச்சேன்னு அது ஒண்ணுதான் பாத்து வச்சிருக்கு. முப்பத்தி மூணு வருசத்துல வேற யாரு பாத்தா? நீங்க பாத்தீயளா?" குரல் உயரவில்லை. அவளுக்கு உயர்த்தத் தெரியாது. "அதையும் அழிச்சிட்டா எனக்குச் சாட்சிக்கு யாரு இருக்கா?"

கட்டிலுக்கு மேலே ஓடுகிற ஏ.சி.யைப் பார்த்தபடி நின்றேன்.

"வரிசையை மாத்துங்க. வேண்டாம்னு சொல்லல. அதுக்கு முன்னாடி அதை வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். "மொத நாள்ல இருந்து. நீங்க இங்கன உக்காந்து கேளுங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கணக்கப்பிள்ளை ஆரம்பித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத அதே மரியாதையான குரல்.

"ஜூன் ஒன்பது. மதியம் இரண்டு இருபது. அடுக்களை அணைக்கப்பட்டது. அம்மா சொன்ன காரணம்: அவ்வோ தூங்குதாவ. ஜூன் பத்து. காலை பதினொன்று. அடுக்களை அணைக்கப்பட்டது. காரணம்: அவ்வோ பேப்பர் படிக்காவ. ஜூன் பத்து. மாலை நான்கு நாற்பது. காரணம்: அவ்வோவப் பாக்க ஆள் வந்திருக்காவ, வேர்க்கும். ஜூன் பதினொன்று. மதியம் பன்னிரண்டு ஐந்து. காரணம் சொல்லவில்லை. அணைத்த பிறகு நான்கு நிமிஷம் இருட்டில் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது."

பிரமு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது, ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதுபோல. என் கால் கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. பதினைந்தோ இருபதோ தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை.

"போதும், நிறுத்து" என்றேன்.

பிரமு கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் ஜூன் மாசமே முடியலியே" என்றாள். "வாசிக்கட்டும்."